இரக்கம் வேண்டாம், வழி வேண்டும்!

கால் இழந்தவரைக் கண்டால் 'முன்வினைப் பயன்' என்றது மூடமதி. அந்த மடமையை மாய்த்து, 'மாற்றுத்திறனாளி' என்று மதித்தழைக்கக் கற்றோம். 2016-ஆம் ஆண்டுச் சட்டம் அரசுப் பணியில் 4 விழுக்காடு இடஒதுக்கீடு தந்தது. பொதுக் கட்டடங்களில் தடையற்ற வழி வேண்டுமென்றது. 2025-இல் உள்ளாட்சி மன்றங்களில் அவர்களை நியமன உறுப்பினராக்கத் தமிழகச் சட்டமன்றம் சட்டம் செய்தது. நாற்காலி கிடைத்தது, மகிழ்ச்சி!

அந்த நாற்காலிக்குச் செல்ல வழி எங்கே? உறுப்பினரை நால்வர் தூக்கிச் சென்று அமர்த்துவதா பெருமை? தாமே வந்து அமர்வதன்றோ பெருமை!

நம் படிப்பகத்தைப் பாருங்கள். சங்கக் கட்டடத்தைப் பாருங்கள். வாசலில் படி உண்டு, சாய்தளம் உண்டா? 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளச் சரிவு போதும். கொத்தனாரும் சித்தாளும் நம்மவரே!

சட்டம் எழுதியது கோட்டை. சாய்தளம் கட்டவேண்டியது கிளை!