அறக்கொடையும் மனித உரிமையும்

பசித்தார்க்கு உணவும் பிணியாளர்க்கு மருந்தும் அளித்தலே அறக்கொடை எனக் கொள்வது பெருவழக்கு. உரிமை இழந்தார் அதனை மீளப் பெறத் துணைநிற்றலும் அதன்பாற்படும் என்பதற்கு அமெரிக்க ஐக்கிய நாடுகளிலுள்ள கில் நிதியம் தக்க சான்றாகும்.

1992ஆம் ஆண்டிலே கொலராடோ மாநிலத்தில், மக்கள் வாக்கினால் அரசியலமைப்புத் திருத்தமொன்று நிறைவேறியது. வேலையிலும் குடியிருப்பிலும் தன்பாலீர்ப்பினர், இருபாலீர்ப்பினர் ஆகியோர் ஒதுக்கப்படாவண்ணம் டென்வர், போல்டர், அஸ்பன் நகரங்கள் வகுத்திருந்த விதிகளை அது பயனற்றனவாக்கிற்று; அத்தகைய பாதுகாப்பினை மாநிலமோ நகரமோ இனி அளித்தலாகாதெனவும் தடுத்தது. கணினி மென்பொருட்டுறையிற் பெருஞ்செல்வம் ஈட்டிய ரிம் கில் இதுகண்டு, 1994இல் இந்நிதியத்தை நிறுவினார். 1996இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம், நீதியரசர் அறுவர் ஒருபாலும் மூவர் மறுபாலும் நிற்க, அத்திருத்தம் செல்லாதெனத் தீர்த்தது. தீர்ப்பின் பின்னரும் நிதியத்தின் பணி தொடர்ந்தது. அயலாரின் மனத்தைத் தீர்ப்பொன்றே மாற்றிவிடுதல் அரிது.

இத்தகைய தனியார் நிதியங்கள் ஆண்டுதோறும் தம் முதலீட்டுச் சொத்தில் ஏறத்தாழ 5 வீதத்தை அறப்பணிக்கு ஈதல் வேண்டுமென அந்நாட்டுச் சட்டம் விதிக்கின்றது. தேர்தலில் வேட்பாளரை ஆதரித்தலையும் விலக்குகின்றது. ஆதலின் கொடை பெரும்பாலும் ஆராய்ச்சிக்கும் பொதுக்கல்விக்கும் உரிமைக்காக வழக்காடும் அமைப்புகளுக்குமே செல்கின்றது.

பெரும்பான்மையோர் வாக்குச் சிறுபான்மையோரைக் கைவிடுமிடத்து, இக்கொடை அவர்க்கு ஊன்றுகோலாகின்றது. எனினும், ஒருவரின் உரிமை செல்வர் ஒருவரின் ஈரநெஞ்சை நம்பியே நிற்றல் நன்றன்று. கொடையை வேண்டாத நிலையை உண்டாக்குதலே இக்கொடையின் பயனாகும்.