உறங்கும் வைரஸ் சொன்ன மரபணுப் பாடம்

ஈ.கோலை பாக்டீரியாவில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட மரபணுக்கள் உண்டு. எல்லாம் ஒரே நேரத்தில் வேலை செய்வதில்லை. எது இயங்க வேண்டும், எது அடங்கியிருக்க வேண்டும் என்பது எப்படி முடிவாகிறது? இதற்கான விடையின் பெரும்பகுதியை நமக்குக் கற்றுத் தந்தது பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸான ஃபேஜ்தான். குறிப்பாக, எஸ்தர் லெடர்பெர்க் கண்டறிந்து 1951-இல் அறிவித்த லாம்டா. பாக்டீரியாவுக்குள் புகுந்த லாம்டா, பெருகி அதை வெடிக்கச் செய்யலாம். அல்லது தன் டிஎன்ஏவை அதன் டிஎன்ஏவோடு இணைத்துவிட்டுத் தலைமுறை தலைமுறையாக உறங்கலாம். இந்த முடிவு வெறும் கண்ணுக்கே தெரியும் என்பதுதான் இதன் பெருமை. அகார் தட்டில் படர்ந்த பாக்டீரியாப் படலத்தில் லாம்டா தாக்கிய இடம் கலங்கலான வட்டமாக இருக்கும். ஃபேஜ் உள்ளே உறங்குவதால் பிழைத்த பாக்டீரியாக்களே அந்தக் கலங்கல். உறங்கும் திறனை இழந்த ஃபேஜ் விழுந்தால் வட்டம் பளிச்சென்று தெளிந்திருக்கும். டேல் கைசர் 1957-இல் அப்படித் தெளிந்த வட்டங்களை ஆராய்ந்து, கோளாறு மூன்று மரபணுக்களில் இருப்பதைக் காட்டினார். அவற்றில் ஒன்றுதான் உறக்கத்தைக் காக்கும் அடக்கிப் புரதத்தைத் தயாரிப்பது. மார்க் டாஷ்னி 1967-இல் அதைப் பிரித்தெடுத்து, அது நேராக டிஎன்ஏவிலேயே ஒட்டுகிறது என்று நிறுவினார்.

வைரஸ் வெளியிலிருந்து வந்தது, அதன் ஒழுங்குமுறை பாக்டீரியாவுக்கு எப்படிப் பொருந்தும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் சான்றுகள் வேறுவிதமாகப் பேசுகின்றன. புற ஊதாக் கதிர் டிஎன்ஏவைச் சிதைத்தால், பாக்டீரியாவின் ரெக்-ஏ புரதம் தூண்ட, லாம்டாவின் அடக்கி தன்னைத்தானே வெட்டிக்கொள்கிறது, ஃபேஜ் விழித்துக்கொள்கிறது. பாக்டீரியாவின் சொந்தப் பழுதுநீக்கும் மரபணுக்களை அடக்கிவைத்திருக்கும் லெக்ஸ்-ஏ புரதமும் அதே ரெக்-ஏவின் தூண்டுதலால் அதே விதத்தில்தான் வெட்டுப்படுகிறது. மரபணுவை ஆர்என்ஏவாகப் படியெடுப்பதை நிறுத்தும் ரோ என்ற ஈ.கோலைப் புரதமும், 1969-இல் ஜெஃப்ரி ராபர்ட்ஸ் லாம்டாவின் டிஎன்ஏவை வைத்துச் செய்த சோதனைகளில்தான் பிடிபட்டது. மரபணுவைப் படியெடுக்க லாம்டாவுக்கென்று தனி இயந்திரம் கிடையாது. பாக்டீரியாவின் இயந்திரத்தைத்தான் அது ஓட்டுகிறது. அதனால்தான் ஃபேஜைப் படிக்கும்போது பாக்டீரியாவும் தன்னைக் காட்டிக்கொள்கிறது.

முழு மரபணுத்தொகுதியையும் எளிதில் படித்துவிடும் இந்தக் காலத்தில் பழைய ஃபேஜ் எதற்கு என்பது இன்னொரு வாதம். லாம்டாவின் 48,502 எழுத்துகளும் 1982-லேயே படித்து முடிக்கப்பட்டன. ஆனாலும், 2,000 எழுத்துகளுக்கு மேல் விலகியிருக்கும் இரு இடங்களில் ஒட்டிய அடக்கிகள் ஒன்றையொன்று பற்றி டிஎன்ஏவையே வளையமாக்குகின்றன என்பதும், உறக்கத்தைச் சீராக வைப்பதில் அந்த வளையத்துக்குள்ள பங்கும் அதன்பின் ஏறக்குறைய 20 ஆண்டுகள் கழித்தே தெளிவாயின. எழுத்துகளின் வரிசை தெரிந்தால் போதாது. எந்தப் புரதம் எங்கே, எவ்வளவு வலுவாக ஒட்டுகிறது என்பதைச் சோதித்துத்தான் அறிய வேண்டும். மனித செல்லின் ஒழுங்குமுறை இதைவிடச் சிக்கலானது, லாம்டாவை அப்படியே அங்கே பொருத்த முடியாது என்பது உண்மை. பாக்டீரியாவுக்குள் அந்த வரம்பு குறுக்கே வரவில்லை. ஈ.கோலைக்குள் மனிதர் வடிவமைத்த முதல் மரபணுச் சுற்றுகளில் இரண்டு 2000-இல் வெளியாயின. ஒன்று இருநிலைச் சுவிட்ச், மற்றொன்று புரத அளவை மாறி மாறி ஏற்றி இறக்கும் சுற்று. இரண்டிலும் பயன்பட்டது லாம்டாவின் அடக்கிப் புரதம்.