எது நாட்டுப் பாடல்?

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் மலை வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளிகளுக்கிடையே நாட்டுப்புறப் பாடல் போட்டி ஒன்று நடந்தது. நடுவர் மூவருள் நானும் ஒருவன். தோட்டப்பள்ளி ஒன்றிலிருந்து வந்த நான்காம் ஆண்டு மாணவி தாலாட்டுப் பாடினாள். சொற்கள் நாம் நூல்களில் கண்டவை அல்ல. தாய்மாமன் பொன் வளையலோ வெள்ளிச் சங்கோ கொண்டு வரவில்லை. பிரிஞ்சாங் பாசார் மாலாமில் வாங்கிய கம்பளிக் குல்லாய் கொண்டு வந்தான். பனி இறங்கியது, லோரி ஏறியது, தாய் கூடையைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போனாள். கேட்கச் சுவையாகத்தான் இருந்தது. ஆனால் இரண்டாம் அடியிலேயே மெட்டு இன்னதென்று பிடிபட்டுவிட்டது. வானொலி வழியே ஒரு காலத்தில் எல்லார் வாயிலும் புழங்கிய திரைப்பாட்டின் மெட்டு அது.

‘திரையிசை மெட்டுக் கூடாது’ என்பது போட்டி விதி. அவ்விதியை எழுதியவனும் நானே. அவள் பெயருக்கு நேரே கோடு இழுத்தேன். ஒலித்தட்டிலிருந்து நடவுப் பாட்டு ஒன்றை மனப்பாடம் செய்து, கண்டாங்கி உடுத்து, கையில் நாற்றுமுடியுடன் பாடிய வேறொரு மாணவிக்கு முதற் பரிசு கொடுத்தோம். எங்கள் மலையில் நெல் வயல் கிடையாது. அக்குழந்தை நாற்றைக் கண்டதும் அன்றுதான் முதன்முறை.

இரண்டு வாரம் கழித்து ஓர் ஆசிரியை சொன்னார். அத்தாலாட்டுக்குச் சொல் கட்டியவர் அம்மாணவியின் பாட்டியாம். கொழுந்து பறித்த காலத்தில் தம் மூன்று பிள்ளைகளுக்கும், பின்னர்ப் பேரப்பிள்ளைகளுக்கும் பெயரை மட்டும் மாற்றிப் பாடி உறங்க வைத்தாராம். கேட்டதிலிருந்து எனக்கு ஒரு கேள்வி உறுத்திக்கொண்டே இருக்கிறது. அன்று அந்த மேடையில் பாடப்பட்ட இரண்டனுள் நாட்டுப் பாடல் எது?

பெயரிலிருந்தே தொடங்குவோம். கி. வா. ஜகந்நாதன் முதலியோர் ‘நாடோடிப் பாடல்’ என்றனர். பேராசிரியர் நா. வானமாமலை 1964இல் வெளியிட்ட தொகுதிக்குத் ‘தமிழர் நாட்டுப் பாடல்கள்’ என்று பெயரிட்டார். ஈழத்தார் ‘நாட்டார் பாடல்’ என்பர். பல்கலைக்கழகங்கள் ‘நாட்டுப்புறவியல்’ என்னும் துறைப்பெயரை நிலைநிறுத்திவிட்டன. பெயர் பலவானாலும், பயிற்சி ஆசிரியர்களிடம் இலக்கணம் கேட்டால் பெரும்பாலும் ஒரே விடையே வரும்: ஆசிரியர் பெயர் தெரியாதது, பழமையானது, சிற்றூரில் பிறந்தது. மூன்றையும் சற்று உரசிப் பார்க்கலாம்.

ஆசிரியர் பெயர் தெரியாமை ஓர் அடையாளம் என்றால், அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச் சிந்தை என்ன செய்வது? எழுதியவர் பெயர் நமக்குத் தெரியும். ஆனால் தைப்பூசத்தில் அதைப் பாடிச் செல்வோரிற் பலர்க்கு அவர் பெயர் தெரியாது. பாட்டு ஒன்றே, அறிந்தவர் வாயில் இலக்கியமாகவும் அறியாதவர் வாயில் நாட்டுப் பாடலாகவும் அது மாறிவிடுமா?

பழமையும் அப்படித்தான். வில்லியம் கேமரன் இம்மலைப் பகுதியை அளக்க வந்தது 1885இல். ரஸ்ஸல் என்பார் இங்கே போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியது 1929இல். ஆகவே இத்தோட்டங்களில் பிறந்த எந்தப் பாட்டுக்கும் வயது நூறுக்கு மேல் இராது. கங்காணியையும் கப்பலையும் சயாம் ரயில் பாதையையும் பாடிய மலாயாத் தமிழர் பாடல்கள் பழமை இன்மையால் தகுதி இழந்துவிடுமா? சயாம் பாதைக்கு ஆள் பிடித்தது 1942-43இல். அக்கொடுமையைப் பாடிய பாட்டு, பாடிய அன்றே நாட்டுப் பாடலாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

சிற்றூர் என்னும் அளவுகோல் இன்னும் வலுவற்றது. சார்லஸ் கோவர் என்னும் ஆங்கிலேயர் 1871இல் தென்னிந்திய நாட்டுப் பாடல்கள் என்று ஒரு நூல் வெளியிட்டார். அதில் திருக்குறளுக்கே தனிப் பகுதி ஒதுக்கினார்! மக்கள் வாயில் வழங்குவதெல்லாம் நாட்டுப் பாடல் என்று கொண்டதன் விளைவு அது. சிரிப்பு வந்தாலும், தொகுப்பவன் கருத்தே பாட்டின் இனத்தைத் தீர்மானித்துவிடும் என்பதற்கு அதுவொரு நல்ல எச்சரிக்கை. நானும் அன்று மேடையில் அதையே செய்தேன். கோவர் வேண்டாததைச் சேர்த்தார், நான் வேண்டியதைத் தள்ளினேன். வேறுபாடு அவ்வளவே.

பின் எதைக் கொண்டு அறிவது? பாட்டை விட்டுப் பாடும் இடத்தைப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. ஏற்றப் பாட்டை எடுத்துக்கொள்க. துலாவின்மேல் ஏறி நடப்பவனும் கீழே சால் பிடிப்பவனும் இணங்கி இயங்க அது தாளம் தருகிறது. இத்தனை சால் இறைத்தாயிற்று என்று எண்ணிக்கையும் வைக்கிறது. வேலை நீண்டால் பாட்டு நீளும், முடிந்தால் முடியும். தாலாட்டின் நீளம் குழந்தையின் கண்ணைப் பொறுத்தது. ஒப்பாரியில் இறந்தவர் உறவும் பெயரும் மாறினால் சொல்லும் மாறியே தீரும். இவற்றுக்குக் கேட்போர் என்று தனியே ஒரு கூட்டம் இல்லை. பாடுபவர் அதை மாற்றிக்கொள்ளத் தயங்குவதும் இல்லை. யாரிடமும் இசைவு கேட்பதும் இல்லை. ஒரே பாட்டு ஊருக்கு ஊர் வேறுபட்டு வழங்குவதைத் தொகுப்பாளர் யாவரும் கண்டிருக்கின்றனர். பெர்சி மாக்வீன் என்னும் அதிகாரி திரட்டி வைத்த பாடல்களைக் கி. வா. ஜகந்நாதன் ‘மலையருவி’ என்று 1958இல் பதிப்பித்தார். அருவி என்று அவர் பெயர் வைத்தது பொருத்தமே. ஏட்டில் ஏறிய பின் அது தேங்கிய நீர் என்பதையும் சேர்த்து நினைவில் வைக்க வேண்டும்.

மெட்டின் தூய்மை பேசுவோர்க்கு நம் இலக்கிய வரலாறே விடை தருகிறது. இளங்கோவடிகள் குரவையையும் வரிப்பாட்டையும் வள்ளையையும் மக்களிடமிருந்து எடுத்துக்கொண்டார். மாணிக்கவாசகர் அம்மானை, சாழல், உந்தி, ஊசல் என மகளிர் விளையாட்டுப் பாடல்களின் வடிவில் இறைவனைப் பாடினார். பாரதியார் தம் குயில் பாட்டில் ஏற்றப் பாட்டையும் நெல் குற்றும் மகளிர் பாட்டையும் நெஞ்சைப் பறிகொடுத்த இசையாகக் குறிக்கிறார். கும்மியையும் கிளிக்கண்ணியையும் தாமும் கையாண்டார். புலவர் மக்களிடம் கடன் வாங்கலாம், கொழுந்து பறிக்கும் பெண் திரைப்பாட்டினிடம் கடன் வாங்கக் கூடாது என்றால் அது என்ன நீதி?

இவ்வழக்கு நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்கர் தம் மலைநாட்டு இசையை ‘கன்ட்ரி’ என்பர். 1927இல் பிரிஸ்டல் என்னும் ஊரில் ரால்ப் பீர் என்பவர் ஒலிப்பதிவுக் கருவியுடன் வந்து தங்கி, கார்ட்டர் குடும்பத்தார், ஜிம்மி ராட்ஜர்ஸ் ஆகியோர் பாடல்களைப் பதிந்தார். அந்நாளிலிருந்து அது விற்பனைப் பொருள். குடும்பத் தலைவர் ஏ. பி. கார்ட்டர் மலையூர்களில் அலைந்து பாடல் திரட்டியபோது, மெட்டுகளைக் காதில் ஏற்றிக்கொண்டு வந்து கொடுத்தவர் லெஸ்லி ரிடில் என்னும் கறுப்பினக் கலைஞர். தட்டில் அவர் பெயர் இல்லை. அவ்விசையின் அடையாளமாகிய பாஞ்சோ என்னும் நரம்புக் கருவியும் ஆப்பிரிக்க அடிமைகள் வழி வந்ததே. 2019இல் லில் நாஸ் எக்ஸ் என்னும் கறுப்பின இளைஞரின் பாட்டு ஒன்றைப் ‘பில்போர்ட்’ இதழ் கன்ட்ரிப் பட்டியலிலிருந்து நீக்கியபோது, அங்கும் எது உண்மையான மலைநாட்டுப் பாட்டு என்ற பூசல் மூண்டது. நடுவர்கள் எங்கும் நடுவர்களே!

இனித் திரைப்பாட்டுக்கு வருவோம். பண்ணைப்புரத்தில் பிறந்து, தமையனார் பாவலர் வரதராசன் குழுவோடு ஊர் ஊராகச் சென்று வளர்ந்த இளையராஜா, 1976இல் ‘அன்னக்கிளி’ வாயிலாக வயற்காட்டுக் குரலைத் திரைக்குக் கொண்டு வந்தார். கொல்லங்குடி கருப்பாயி ‘ஆண்பாவம்’ (1985) படத்திலும், பரவை முனியம்மா ‘தூள்’ (2003) படத்திலும் தாமே தோன்றிப் பாடினர். இவை போலி என்று ஒதுக்குவோர் உளர். நான் அவர் கட்சியல்லன். ஆயினும் இவை நாட்டுப் பாடல் என்று ஏற்கவும் இயலவில்லை. படத்தில் ஒலித்த பாட்டு ஒரே முறை பாடப்பட்டு உறைந்துவிட்டது. நாளை மழை பெய்தாலும் வெயில் அடித்தாலும் அது அதே நான்கு நிமிடந்தான். அதன் தரம் உயர்ந்ததாகவே இருக்கலாம், இனம் வேறு.

தேயிலைத் தோட்டத்தாராகிய நமக்கு மிக நெருங்கிய சான்று ஒன்று உண்டு. 2021இல் உலகமெங்கும் பரவிய ‘எஞ்சாய் எஞ்சாமி’ என்னும் பாட்டு, சந்தோஷ் நாராயணன் இசையில் தீ, அறிவு இருவர் பாடியது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துப் பின் தமிழ்நாடு திரும்ப நேர்ந்த தம் பாட்டியின் கதையே அதன் கரு என்று அறிவு கூறியிருக்கிறார். 1948இன் குடியுரிமைச் சட்டமும், 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப இசைந்த 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தமும் அம்மக்களை வேரோடு பெயர்த்தன. அவர்கள் பாடியவற்றைத் தேடித் தொகுத்தவர் சி. வி. வேலுப்பிள்ளை, அவரும் தோட்டத்தில் பிறந்தவர். ‘எஞ்சாய் எஞ்சாமி’யில் ஒப்பாரியின் சாயல் இருக்கிறது, உண்மையான துயரம் இருக்கிறது. ஆனால் 2022இல், அப்பாட்டில் யார் பங்கு எவ்வளவு, பெயர் யாருக்கு உரியது என்று பொதுவெளியில் வழக்கு எழுந்தது. பெயரும் பங்கும் கேட்பது கலைஞரின் உரிமை, அதில் தவறில்லை. ஆனால் அக்கேள்வி எழும் இடத்தில் இருப்பது படைப்பு, நாட்டுப் பாடல் அன்று. லயத்து வாசலில் ஒப்பாரி வைத்த பாட்டியை யாரும் இது உன்னுடையதா என்று கேட்டதில்லை.

அப்படியானால் திரைப்பாட்டுக்கும் நாட்டுப் பாடலுக்கும் இடையே கதவே இல்லையா? உண்டு. அக்கதவைத் திறப்பவர் பாட்டை மாற்றுகிறவர். வானொலியில் கேட்ட மெட்டில் தன் பிள்ளை பெயரையும் பாசார் மாலாம் குல்லாயையும் ஒரு தாய் ஏற்றிவிட்டால், அந்தக் கணமே அது மறுபடி ஓடும் நீராகிவிடுகிறது.

அண்மையில் பயிற்சி ஆசிரியர் இருவருடன் அந்த மூதாட்டியைக் காணச் சென்றேன். கைப்பேசியை மேசைமேல் வைத்துப் பாடச் சொன்னோம். வாய் திறக்கவில்லை. “புள்ள இல்லாம எப்படிங்க வாத்தியாரையா பாடுறது?” என்றார். பக்கத்து வீட்டுக் கைக்குழந்தையைக் கொண்டு வந்து மடியில் கிடத்தினோம். உடனே தொடங்கினார். அக்குழந்தையின் பெயர் வந்தது. அதன் மாமன் ஈப்போவில் வேலை செய்பவனாம், குல்லாய்க்குப் பதில் ஈப்போ பொமெலோ வந்தது. இப்போது இரண்டாம் படிவத்தில் படிக்கும் பேத்தி இடைமறித்து, “எனக்கு இப்படிப் பாடலியே, பாட்டி” என்றாள். “அது ஒனக்குப் பாடுனது” என்று சொல்லிவிட்டு மூதாட்டி மேலே பாடினார்.

கொழுந்து பறிக்கும்போது என்ன பாடுவீர்கள் என்று கேட்டேன். நிரையில் நின்று இரு கையாலும் பறிக்கும் காலத்தில் ஒருத்தி எடுக்க அடுத்த நிரைக்காரி முடிப்பாளாம். பனி மூடிய நாளில் யார் எங்கே நிற்கிறார் என்று அறியவும் அது உதவியதாம். பிறகு கத்தரிக்கோல் வந்தது. அதன்பின் இருவர் இருபுறமும் பிடித்து நடக்கும் வெட்டு இயந்திரம் வந்தது. செங்குத்தான சரிவுகளில்தான் கைப்பறிப்பு எஞ்சியிருக்கிறது. இயந்திரத்தின் இரைச்சலில் அடுத்த நிரையின் பாட்டுக் கேளாது. நிரையில் நிற்பவரும் இன்று பெரும்பாலும் வங்காளதேசத்தாரும் நேப்பாளியரும். அந்த மூதாட்டிக்குப் பறிப்புப் பாட்டில் இரண்டு அடிக்குமேல் நினைவு வரவில்லை. தாலாட்டு முழுதும் நினைவிருக்கிறது, பேரப்பிள்ளைகள் இருப்பதால். திரைப்பாட்டு நம் பாட்டைக் கொன்றது என்று முப்பது ஆண்டு வகுப்பில் சொல்லி வந்திருக்கிறேன். அது முழு உண்மை அன்று. வேலை போனது, அதனோடு பாட்டும் போனது.

இதனால்தான் பள்ளிப் போட்டியை நான் சிறு காரியமாக எண்ணுவதில்லை. வீட்டில் கேட்ட பாட்டு பாட்டே அன்று என்று ஒரு குழந்தைக்கு மேடையில் வைத்துச் சொல்லிவிட்டால், அது அப்பாட்டைத் தன் பிள்ளைக்குப் பாடாது. உறங்க வைக்கக் கைப்பேசி இருக்கிறது.

விதியை மாற்ற ஏற்பாட்டுக் குழுவில் முன்மொழிந்தேன். மெட்டுக்குத் தடை இல்லை. பாடும் மாணவர் மூன்று கேள்விக்கு விடை எழுதித் தர வேண்டும்: யாரிடம் கேட்டாய், அவர் அதை எப்போது யாருக்குப் பாடினார், நீ எந்தச் சொல்லை மாற்றினாய்? மூன்றாவது கேள்விக்கு எதிர்ப்புக் கிளம்பியது. மாற்றினால் மதிப்பெண் குறைப்பதா, கூட்டுவதா என்று ஒரு நண்பர் கேட்டார். கூட்ட வேண்டும் என்றேன். குழு ‘குறைக்க வேண்டா’ என்ற அளவில் இசைந்தது.

உறுமி மேளத்தில்தான் உடன்பாடு ஏற்படவில்லை. தோட்டத்துக் கோயில்களில் அடிக்கப்பட்ட அக்கருவியை இன்று நகர்ப்புற இளைஞர் குழுக்கள் தைப்பூசத்தில் முழக்குகின்றன. காவடிக்குத் திரைப்பாட்டு வாசிக்கலாகாது என்று ஆண்டுதோறும் கண்டனம் எழுகிறது. என் அளவுகோலின்படி, காவடி தூக்குபவனின் நடைக்கும் மூச்சுக்கும் ஏற்ப அடி கூட்டியும் குறைத்தும் வாசிக்கும் குழு நாட்டிசைக் குழுவே, மெட்டு எங்கிருந்து வந்தாலும். ஒலிபெருக்கிக்காக வாசிப்பது அப்படியன்று. இதைச் சொன்னபோது குழுவில் இருந்த மூத்தவர் ஒருவர், “அப்படியானால் நடுவர் காவடியோடு நடந்து வந்துதான் மதிப்பெண் போட வேண்டும்” என்றார். அவர் கேலியாகச் சொன்னார். எனக்கு அது சரியாகவே பட்டது. அடுத்த கூட்டத்தில் மறுபடி எடுத்துக்கொள்வதாக இருக்கிறோம்.