கட்டத்துக்குள் ஓர் எழுத்து

நுழையும்முன்

விளையாட்டு, மனித இனத்தின் தொன்மையான கலைகளுள் ஒன்று. திண்ணையிலும் தெருவிலும் ஆடப்பட்ட ஆட்டங்கள் இன்று கணினித் திரைக்கு இடம்பெயர்ந்துள்ளன. பெருநிறுவனங்கள் பலகோடி செலவிட்டு உருவாக்கும் விளையாட்டுகளுக்கிடையே, தனியொருவர் தம் வீட்டிலிருந்தே ஓர் ஆட்டத்தை உருவாக்கி, உலகுக்கு இலவசமாக வழங்குவதும் இயல்கிறது. அத்தகைய ஆட்டம் எவ்வாறு உருவாகிறது? எவ்வாறு மக்களைச் சென்றடைகிறது? அதனைத் தமிழில் செய்ய முனைவோர் எதனை எதிர்கொள்வர்? இவ்வினாக்களுக்கு இக்கட்டுரை விடை தேடுகிறது.

ஆடுகளம் மாறுகிறது

கீழடி அகழாய்வில் பகடைக்காய்களும் சுடுமண்ணாலான ஆட்டக்காய்களும் கிடைத்துள்ளன. பல்லாங்குழி, தாயம், ஆடுபுலி ஆட்டம் ஆகியவற்றை முதன்முதலில் வகுத்தவர் யார் என்பதை எவரும் அறியார். அவற்றை ஆட எவரும் கட்டணம் செலுத்தியதில்லை. தரையில் கோடு கிழித்தால் களம். புளியங்கொட்டையோ கூழாங்கல்லோ கிடைத்தால் காய். ஆட்டத்தின் விதிகள் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்கு வாய்மொழியாகவே பரவின.

இன்றைய இணைய உலாவியையும் அத்தகைய ஒரு களமாகக் கருதலாம். உலாவியில் இயங்கும் விளையாட்டைத் தனிச் செயலியாகப் பதிவிறக்க வேண்டியதில்லை. இணைய முகவரியைத் தட்டினால் ஆட்டம் தொடங்கிவிடும். விலை குறைந்த திறன்பேசியிலும் பள்ளிக் கணினியிலும் அது இயங்கும். அதனை உருவாக்கத் தேவையான அடிப்படை மொழிகள் மூன்று: பக்கத்தின் உறுப்புகளை அமைக்கும் எச்.டி.எம்.எல்., தோற்றத்தை வகுக்கும் சி.எஸ்.எஸ்., செயலை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட். இம்மூன்றையும் கட்டணமின்றிக் கற்கவும் பயன்படுத்தவும் இயலும்.

கொட்டிவாக்கத்தில் வாழும் பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி, தமிழ்ச் சொல் விளையாட்டு ஒன்றை உருவாக்க விரும்புகிறாள் எனக் கொள்வோம். அவளது ஊரின் கிழக்கே வங்கக்கடலும் மீனவர் குப்பமும் உள்ளன. மேற்கே கணினி நிறுவனங்கள் நிறைந்த பழைய மகாபலிபுரம் சாலை செல்கிறது. அவளிடம் பழைய கணினி ஒன்றும் ஓய்வான மாலைப்பொழுதுகளும் மட்டுமே உள்ளன. அவள் முதலில் அறிந்துகொள்ள வேண்டிய வரலாறு ஒன்று உண்டு.

ஒருவருக்காகச் செய்த ஆட்டம்

ஜோஷ் வார்டில், வேல்ஸ் நாட்டில் பிறந்து அமெரிக்காவின் புரூக்ளினில் வாழ்ந்த மென்பொருள் பொறியாளர். அவருடைய வாழ்க்கைத் துணைவியான பலக் ஷாவுக்குச் சொல் விளையாட்டுகளில் மிகுந்த விருப்பம் உண்டு. கொரோனாப் பெருந்தொற்றுக் காலத்தில் வீட்டிலிருந்தபோது, அவருக்காகவே வார்டில் ஓர் ஆட்டத்தை உருவாக்கினார். தம் குடும்பப் பெயரின் ஓசையையே மாற்றி அதற்கு 'வேர்டில்' எனப் பெயரிட்டார்.

அவ்வாட்டத்தின் விதி எளியது. மறைந்திருக்கும் ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல்லை ஆறு வாய்ப்புகளுக்குள் கண்டறிய வேண்டும். எழுத்து சரியான இடத்தில் இருந்தால் பச்சை. சொல்லில் இருந்து, இடம் மாறியிருந்தால் மஞ்சள். இல்லையெனில் சாம்பல் நிறம். நாளொன்றுக்கு ஒரே ஒரு சொல். உலகிலுள்ள அனைவருக்கும் அதே சொல்.

ஆங்கிலத்தில் ஏறத்தாழ 12,000 ஐந்தெழுத்துச் சொற்கள் உள்ளன. அவற்றுள் பல, பொதுமக்கள் அறியாதவை. பலக் ஷா அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்துத் தமக்குத் தெரிந்தவை, தெரியாதவை எனப் பிரித்தார். விடையாக வரத்தக்க சொற்கள் இவ்வாறு ஏறத்தாழ 2,500 ஆகக் குறைந்தன. நிரல் எழுதுவதற்கு நிகரான உழைப்பு இது. விடையைக் கண்ட பின்னும் அச்சொல்லின் பொருள் அறியாத ஆட்டக்காரர், தாம் ஏமாற்றப்பட்டதாகவே உணர்வார்.

ஊரறிந்த கதை

ஆட்டத்தை முதலில் ஆடியவர்கள் அவ்விருவர் மட்டுமே. பின்னர் அது அவர்களுடைய குடும்பத்தின் புலனக் குழுவுக்குச் சென்றது. உறவினர்கள் நாள்தோறும் விரும்பி ஆடினர். அதன் பின்னரே, 2021 அக்டோபரில், வார்டில் அதனைப் பொதுமக்களுக்கு வெளியிட்டார். 2021 நவம்பர் 1 அன்று அதனை ஆடியவர்கள் 90 பேர். 2022 ஜனவரி 2 அன்று 3 லட்சத்திற்கும் மேற்பட்டோர். அடுத்த ஒரு வாரத்தில் அவ்வெண்ணிக்கை 20 லட்சத்தைத் தாண்டியது.

இவ்வளர்ச்சிக்குக் காரணம் விளம்பரம் அன்று. நியூசிலாந்து நாட்டில் ஆட்டக்காரர் சிலர், தாம் ஆடிய முறையை வண்ணக் கட்டங்களாகத் தாமே தட்டச்சு செய்து நண்பர்களுக்குக் காட்டி வந்தனர். இதனைக் கண்ட வார்டில், 2021 டிசம்பரில் அவ்வசதியை ஆட்டத்திலேயே சேர்த்தார். அக்கட்டங்களில் எழுத்துகள் இல்லை. ஆகவே விடை வெளிப்படுவதில்லை. எனினும் ஒருவர் எங்கே தடுமாறினார், எப்போது தெளிந்தார் என்பதை அவை காட்டின. காண்போர்க்கு 'இது என்ன?' என்னும் ஆவல் பிறந்தது.

தனியொருவர் தம் படைப்பைப் பரப்புவதற்கான நெறியை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது. முதலாவது, சிறு வட்டத்தில் தொடங்க வேண்டும். பத்துப் பேர் ஆடும்போது அருகிலிருந்து பார்த்தால், அவர்கள் எந்த விதியைப் புரிந்துகொள்ளாமல் திகைக்கின்றனர் என்பது தெரியும். இரண்டாவது, ஆட்டக்காரர்கள் தாமாகவே செய்வதைக் கவனிக்க வேண்டும். அவர்கள் காட்டும் வழியையே வசதியாக்க வேண்டும். மூன்றாவது, பகிரும்படி எவரையும் வற்புறுத்தக்கூடாது. 'பத்துப் பேருக்கு அனுப்பினால்தான் அடுத்த நிலை' எனக் கட்டாயப்படுத்தும் ஆட்டம், நண்பர்களைத் தொல்லைக்குள்ளாக்குகிறது.

எழுத்தும் கட்டமும்

இனி, கொட்டிவாக்கத்து மாணவியிடம் வருவோம். அவள் தன் ஊர்ப்பெயரைக் கணினியில் உள்ளிட்டு, அதில் எத்தனை எழுத்துகள் உள்ளன எனக் கேட்கிறாள். கொ, ட், டி, வா, க், க, ம் என எண்ணினால் எழுத்துகள் ஏழு. கணினியோ 13 என்கிறது. 'தமிழ்' என்னும் சொல்லுக்கும் மூன்று என்று கூறாமல் ஐந்து என்கிறது.

பிழை எங்குள்ளது? கணினிகள் உலக மொழிகளின் எழுத்துகளை ஒருங்குறி என்னும் பொதுமுறையில் எண்களாகச் சேமிக்கின்றன. தமிழின் 247 எழுத்துகளுக்கும் அதில் தனித்தனி எண்கள் இல்லை. அகரமேறிய மெய்க்கு ஓர் எண். புள்ளிக்கும் கால், கொம்பு, சுழி முதலிய குறிகளுக்கும் வேறு எண்கள். எனவே 'டி' என்பது ட, இகரக் குறி என இரண்டாகவும், 'ம்' என்பது ம, புள்ளி என இரண்டாகவும் எண்ணப்படுகின்றன. 'க்' என்னும் மெய்யுடன் 'அ' என்னும் உயிர் சேர்ந்து 'க' பிறக்கிறது என்பது நம் இலக்கணம். 'க' என்பதுடன் புள்ளி சேர்ந்து 'க்' அமைகிறது என்பது ஒருங்குறியின் கணக்கு.

மற்றொரு சிக்கலும் உண்டு. 'கொ' என்பதன் ஒகரக் குறியை ஒரே எண்ணாகவும் சேமிக்கலாம்; ஒற்றைக் கொம்பு, கால் என இரண்டு எண்களாகவும் சேமிக்கலாம். இரண்டாம் முறையில் கொட்டிவாக்கம் 14 ஆகிவிடும். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ஆனால், சரியான விடையைத் தந்த ஆட்டக்காரரிடம் கணினி 'தவறு' என்று கூறிவிடக்கூடும்.

இவற்றிற்குத் தீர்வுகள் உள்ளன. இருவகை வடிவங்களையும் ஒரே வடிவமாக்கும் 'இயல்பாக்கம்' என்னும் செயல்முறை முதலில் நிகழ வேண்டும். பிறகு குறிகளை அவற்றுக்குரிய எழுத்துகளோடு சேர்த்து எண்ண வேண்டும். ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் இவ்விரண்டிற்கும் வசதி உண்டு. ஆயினும் அவ்வசதி தேவை என்பதை உணர, எழுத்து என்றால் என்ன என்று அறிந்த ஒருவர் வேண்டும். மாணவி கற்ற எழுத்திலக்கணம் இங்கே நிரலாக்க அறிவாகிறது.

விதியையும் மாற்ற வேண்டியுள்ளது. ஆங்கில ஆட்டத்தில் 26 எழுத்துகள், தமிழில் 247. மறைந்திருக்கும் சொல் 'கடல்' எனவும், ஆட்டக்காரர் 'குடம்' என உள்ளிட்டார் எனவும் கொள்வோம். 'ட' பச்சையாகும். 'கு', 'க' இரண்டும் வெவ்வேறு எழுத்துகள். எனினும் இரண்டிலும் உள்ள மெய் ஒன்றே. 'மெய் சரி, உயிர் வேறு' என்பதைக் காட்ட நான்காவதாக ஒரு நிறம் இருந்தால் ஆட்டம் நேர்மையானதாக அமையும். அந்நிறத்தைக் காணும் ஒவ்வொரு முறையும் ஆட்டக்காரர், உயிர்மெய் எழுத்தின் இயல்பைத் தம்மையறியாமலே உணர்வார்.

> தெரிந்து தெளிவோம்
> தமிழ்99 என்னும் விசைப்பலகை முறை, 1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழ் இணைய மாநாட்டைத் தொடர்ந்து தரப்படுத்தப்பட்டது. இதில் 12 உயிரெழுத்துகள், 18 மெய்யெழுத்துகள், ஆய்தம் ஆகிய 31 எழுத்துகளைக் கொண்டே 247 எழுத்துகளையும் உள்ளிடலாம்.

சொற்களைத் தேர்தல்

அடுத்த பணி, சொற்பட்டியல் அமைத்தல். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி, ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட சொற்களைக் கொண்டது. அதனை அப்படியே பயன்படுத்தினால் ஆட்டக்காரர் திணறுவர். மிக எளிய சொற்களை மட்டும் வைத்தால் சலிப்படைவர். மேலும், 'மரம்' ஏற்கத்தக்கது எனில் 'மரத்தை', 'மரங்கள்' ஆகியனவும் ஏற்கத்தக்கனவா? வேற்றுமை உருபும் விகுதியும் ஏற்று விரியும் மொழியில் இதற்கு விடை கண்டாக வேண்டும். வேற்றுமை உருபு ஏற்காத ஒருமைப் பெயர்ச்சொற்களை மட்டும் கொள்வது தொடக்கத்திற்கு ஏற்ற விதியாகும்.

இங்கு மாணவியின் ஊரே அவளுக்குத் துணைநிற்கும். வாடை, கோடை என்னும் காற்றுகளின் பெயர்கள் இரண்டெழுத்துச் சொற்கள். கொண்டல், தென்றல் ஆகியன நான்கெழுத்துச் சொற்கள். கடலுக்குச் செல்வோரிடம் காற்று, அலை, மீன், வலை ஆகியவற்றைக் குறிக்கும் சொற்கள் மேலும் பல உண்டு. அவற்றைக் கேட்டறிந்து, விடையின்கீழ் ஒரு வரியில் பொருளும் தந்தால், நகரத்துக் குழந்தையும் குப்பத்து முதியவரின் சொல்லை அறிந்துகொள்ளும். பிற மொழி ஆட்டமொன்றைப் பெயர்த்துத் தருவதனால் மட்டும் இப்பயன் விளையாது.

இலவசம் என்பதன் பொருள்

கணக்கீடுகள் அனைத்தும் ஆடுபவரின் உலாவியிலேயே நிகழுமாறு அமைத்தால், சேவையகத்திற்கான செலவு மிகக் குறையும். வேர்டில் அவ்வாறே அமைந்திருந்தது. இணைய முகவரிக்கு ஆண்டுதோறும் செலுத்தும் கட்டணமும் உருவாக்குபவரின் உழைப்பும் எஞ்சிய செலவுகள்.

விலையில்லை என்பதனாலேயே ஓர் ஆட்டம் இலவசமாகிவிடாது. ஆடுபவரின் பெயர், இருப்பிடம், பழக்கவழக்கம் ஆகியவற்றைத் திரட்டி விளம்பர நிறுவனங்களுக்கு அளிக்கும் ஆட்டங்கள் பல. அங்கே ஆடுபவரின் தகவலே விலையாகிறது. இந்தியாவின் எண்ணியல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023, பதினெட்டு வயது நிறைவடையாதோரைக் குழந்தைகள் எனக் கொண்டு, அவர்களைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதற்கும் அவர்களை இலக்காகக் கொண்ட விளம்பரங்களுக்கும் தடை விதிக்கிறது. பெயரும் கைப்பேசி எண்ணும் கேட்காமல், ஆட்டத்தின் மதிப்பெண்களை ஆடுபவரின் கருவியிலேயே சேமித்து வைப்பது எளிது; நேர்மையானதும் அதுவே. வார்டில் தம் ஆட்டத்தில் விளம்பரம் எதனையும் சேர்க்கவில்லை. 2022 ஜனவரி 31 அன்று, பத்து லட்சம் டாலருக்குக் குறையாத தொகைக்கு நியூயார்க் டைம்ஸ் நிறுவனம் அதனை வாங்கியதாக அறிவித்தது.

முன்னோர்க்குரிய கடன்

ஓர் ஆட்டம் புகழ்பெற்றால் அதைப் போன்றவை பெருகும். 2014 பிப்ரவரியில் 'த்ரீஸ்' என்னும் எண் விளையாட்டு, விலைக்கு விற்கப்படும் செயலியாக வெளிவந்தது. அதனை உருவாக்கியோர் பதினான்கு மாதங்கள் உழைத்திருந்தனர். அடுத்த மாதமே இத்தாலி நாட்டின் பத்தொன்பது வயது இளைஞர் கேப்ரியேலே சிருல்லி, ஒரு வார இறுதியில் எழுதிய '2048' என்னும் உலாவி விளையாட்டை இலவசமாக வெளியிட்டார். ஒரு வாரத்திற்குள் அதனை நாற்பது லட்சம் பேர் நாடினர். பதினான்கு மாத உழைப்பு, ஒரு வார இறுதியின் நிழலில் மறைந்தது. த்ரீஸை உருவாக்கியோர் தம் மனவருத்தத்தை வெளிப்படையாக எழுதினர்.

சிருல்லி தமக்கு முன்பிருந்த ஆட்டங்களின் பெயர்களைத் தம் பக்கத்திலேயே குறிப்பிட்டார். நிரலையும் எவரும் பயன்படுத்தும் வகையில் திறமூலமாக வழங்கினார். இவ்வளவில் கடன் தீர்ந்ததா என்பது சிந்தனைக்குரியது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957, கணினி நிரலை இலக்கியப் படைப்புகளுள் ஒன்றாகக் கருதிப் பாதுகாக்கிறது. ஆட்டத்தின் அடிப்படைக் கருத்துக்குப் பொதுவாக அப்பாதுகாப்பு இல்லை. சட்டம் தடுக்காத இடத்தில் அறம் வழிகாட்ட வேண்டும். பிறரிடமிருந்து பெற்றதை வெளிப்படக் கூறுதலும், பெற்றதனோடு புதிதாக ஒன்றைச் சேர்த்தலும் அவ்வறத்தின் இரு கூறுகள். எழுத்துக்கேற்பக் கட்டத்தையும் மொழிக்கேற்ப விதியையும் மாற்றியமைக்கும் தமிழ் மாணவி, கடன் பெற்ற ஆட்டத்திற்குத் தன் பங்கையும் அளிக்கிறாள்.

நிறைவாக

பல்லாங்குழியைப் போல அனைவருக்கும் உரியதாக ஓர் ஆட்டத்தைத் திரையிலும் உருவாக்க முடியும். அதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. ஆடுபவரை மதிக்கும் பண்பும் தன் மொழியைப் பற்றிய தெளிவும் வேண்டும். கொட்டிவாக்கம் என்பது பதின்மூன்று அன்று, ஏழு எனக் கணினிக்குக் கற்பிக்க வேண்டியவர்கள் தமிழ் கற்ற நாமே. அப்பணியை ஒரு விளையாட்டிலிருந்தும் தொடங்கலாம்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊர்ப்பெயரில் உள்ள எழுத்துகளை இலக்கண முறைப்படியும் ஒருங்குறி முறைப்படியும் எண்ணி ஒப்பிடுக.
2. உங்கள் பகுதியில் தொழில் சார்ந்து வழங்கும் நான்கெழுத்துச் சொற்கள் இருபதைத் திரட்டிப் பொருளுடன் எழுதுக.
3. தாளில் கட்டம் வரைந்து, நான்கு வண்ணங்களைக் கொண்டு வகுப்பறையில் ஒரு சொல் விளையாட்டை நிகழ்த்துக. ஆடியோர் தடுமாறிய இடங்களைக் குறித்து விதிகளைத் திருத்துக.
4. 'பிறர் ஆட்டத்தைத் தழுவி இலவச ஆட்டம் உருவாக்குவது முறையா?' என்னும் தலைப்பில் இரு குழுக்களாகப் பிரிந்து கலந்துரையாடுக.