வண்டியின் வேகத்தைக் கூட்டலாமா?

கோலார் தங்கவயலில் தங்கச் சுரங்கம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. அதன் பிறகு ஏராளமானோர் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். விடியும் முன்பே ரயிலைப் பிடிக்க வேண்டும். ஸ்டேஷன் போய்ச் சேர மொபெட், ஸ்கூட்டி போன்ற சின்ன வண்டிகள் உதவுகின்றன.

சின்ன வண்டி மெதுவாகத்தான் போகும். அதனால் சில இளைஞர்கள் மெக்கானிக்கிடம் போகிறார்கள். "அண்ணே, வண்டி இன்னும் கொஞ்சம் ஸ்பீடா போகணும்" என்று கேட்கிறார்கள். வேகத்தைக் கூட்ட முடியுமா? ஓரளவு முடியும். அதனால் என்ன ஆகும்? பார்ப்போம்.

வேகத்தை எப்படிக் கூட்டுகிறார்கள்?

டி.வி.எஸ். 50 மொபெட் நமக்குத் தெரிந்த வண்டி. 1980-இல் ஓசூரில் செய்யப்பட்டு வெளிவந்தது. அதன் என்ஜின் 50 சி.சி. அரை கிளாஸ் டீ அளவு இடத்தில்தான் பெட்ரோலும் காற்றும் எரிந்து இரண்டு பேரை இழுக்கின்றன.

இந்தச் சக்தியைச் செயின் பின் சக்கரத்துக்குக் கொண்டுபோகிறது. செயினின் இரு முனையிலும் பல்சக்கரங்கள் உண்டு. முன்னால் 10 பல், பின்னால் 40 பல் என்று வைத்துக்கொள்வோம். முன் பல்சக்கரம் 4 முறை சுற்றினால் பின் சக்கரம் 1 முறை சுற்றும். முன்னால் 12 பல் போட்டால் மூன்றே கால் சுற்றுக்குச் சற்று மேல் போதும். வேகம் கூடும். ஆனால் இழுக்கும் சக்தி குறையும். பின்னால் ஆளையோ தண்ணீர்க் குடத்தையோ ஏற்றினால் மேட்டில் வண்டி திணறும்.

சிலர் சிலிண்டரைக் குடைந்து பெரிய பிஸ்டன் போடுகிறார்கள். சூடு அதிகமாகும். சூட்டில் பிஸ்டன் விரிந்து சிலிண்டரில் இறுகிக்கொள்ளலாம். ஓடும்போது இறுகினால் பின் சக்கரமே நின்றுவிடலாம். ஆள் விழுவார்.

சிலர் சைலன்சரை வெட்டுகிறார்கள். சத்தம் கூடும். வேகம் கூடும் என்பது நிச்சயமில்லை. டூ ஸ்ட்ரோக் என்ஜினில் சைலன்சரின் வடிவமும் என்ஜினுக்கு உதவுகிறது. அதை வெட்டினால் சக்தி குறையவும் செய்யும்.

நிற்க எவ்வளவு தூரம் வேண்டும்?

என்ஜினை மாற்றுகிறோம். பிரேக், டயர், சட்டம் எல்லாம் பழையவைதான்.

எதிரே ஒரு குழந்தை ஓடி வருகிறது. பிரேக் பிடிக்க நமக்கு ஒரு விநாடி ஆகிறது. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் அந்த ஒரு விநாடியில் வண்டி 11 மீட்டர் ஓடிவிடும். பிரேக் பிடித்த பிறகு நிற்க ஏறக்குறைய 12 மீட்டர் வேண்டும். மொத்தம் 23 மீட்டர். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் மொத்தம் 45 மீட்டர் வேண்டும். இது நல்ல பிரேக், காய்ந்த ரோடு என்றால். மழையில் இன்னும் கூடும்.

வேகம் ஒன்றரை மடங்குதான் கூடியது. நிற்கும் தூரம் இரண்டு மடங்காகிவிட்டது.

கிடைப்பது என்ன? ஸ்டேஷன் 12 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 40 வேகத்தில் 18 நிமிடம். 60 வேகத்தில் 12 நிமிடம். மிச்சம் 6 நிமிடம்தான்.

சுரங்கத்தில் வேலை செய்த பெரியவர்களுக்கு இது தெரியும். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழமானது. ஆட்களை இறக்கும் கேஜுக்கு வேக வரம்பு உண்டு. மோட்டாருக்குச் சக்தி இருக்கிறது என்று வேகமாக விடக் கூடாது. பத்திரமாக நிறுத்த முடிகிற வேகத்தில்தான் விட வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

கம்பெனி செய்து கொடுத்த வண்டியை அனுமதி இல்லாமல் மாற்றக் கூடாது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு இதைச் சொல்கிறது. 2019-இல் சட்டம் திருத்தப்பட்டது. மாற்றினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் கிடைக்கலாம். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் பணம் கிடைப்பதும் சிக்கலாகலாம்.

பேட்டரி ஸ்கூட்டரும் அப்படியே. மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் போகாத சிறிய பேட்டரி வண்டிக்கு லைசென்ஸ் தேவையில்லை. அதன் வேகத்தைக் கூட்டினால் அந்தச் சலுகை போய்விடும். வயரும் பேட்டரியும் அதிகமாகச் சூடேறும்.

வேறு வழி உண்டா?

உண்டு. பழைய வண்டி மெதுவாகப் போவதற்குப் பெரும்பாலும் காரணம் பராமரிப்பு இல்லாததுதான்.

ஏர் ஃபில்டரில் தூசி அடைத்திருக்கும். சுத்தம் செய்யுங்கள்.
சைலன்சரில் கரி படிந்திருக்கும். எடுக்கச் சொல்லுங்கள்.
டயரில் காற்று குறைந்திருக்கும். வாரம் ஒரு முறை பாருங்கள்.
செயின் காய்ந்திருக்கும். எண்ணெய் விடுங்கள்.
பிரேக் ஷூ தேய்ந்திருந்தால் உடனே மாற்றுங்கள்.

இவற்றைச் செய்தால், குறைந்துபோன வேகம் திரும்பக் கிடைக்கும். செலவும் குறைவு. அந்த 6 நிமிடத்துக்கு, வீட்டிலிருந்து 6 நிமிடம் முன்னதாகக் கிளம்பலாம். ஹெல்மெட்டை மறக்க வேண்டாம்.

கலந்து பேசுங்கள்

1. உங்கள் வண்டியின் பிரேக்கைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?
2. 45 மீட்டர் தூரத்தை உங்கள் தெருவில் அளந்து பாருங்கள். அதற்குள் எத்தனை வீட்டு வாசல்கள் இருக்கின்றன?