கழிவுநீரை அளக்கும் ஒளி

தொழிற்சாலைக் கழிவுநீரில் கரைந்துள்ள கரிமப் பொருள்களை மதிப்பிட இரு அளவைகள் வழக்கில் உள்ளன. நுண்ணுயிர்களின் துணையால் காணப்படும் உயிர்வேதி ஆக்சிஜன் தேவைக்கு, நம் நாட்டில் 27 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் மூன்று நாள்கள் காத்திருத்தல் வேண்டும். வேதி ஆக்சிஜன் தேவையை அறிய, மாதிரி நீரைப் பொட்டாசியம் டைகுரோமேட்டுடனும் அடர் கந்தக அமிலத்துடனும் சேர்த்து இரண்டு மணி நேரம் கொதிக்க வைப்பர். வெள்ளி சல்பேட்டும் பாதரச சல்பேட்டும் உடன் சேர்க்கப்படும். மாசினை அளக்கும் முறையே குரோமியமும் பாதரசமும் கலந்த கழிவை விட்டுச் செல்வது விந்தையே!

1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளின் கீழ் வகுக்கப்பட்ட பொதுத் தரத்தின்படி, உள்நாட்டு நீர்நிலைகளில் விடப்படும் கழிவுநீரின் வேதி ஆக்சிஜன் தேவை லிட்டருக்கு 250 மில்லிகிராமை மிஞ்சலாகாது. ஆயின், ஆய்வக அறிக்கை அலுவலரின் கைக்கு வருமுன் அந்நீர் ஆற்றோடு போய்விடுகிறது. இக்கால இடைவெளியே நிர்வாகத்தின் இடர்ப்பாடு. மிகுந்த மாசு விளைவிக்கும் 17 வகைத் தொழில்கள் தொடர் கண்காணிப்புக் கருவிகளை நிறுவ வேண்டுமென 2014இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பணித்ததற்கும் இதுவே பின்னணி.

ஒளியால் இயங்கும் மின்வேதி உணர்கருவி இவ்விடைவெளியைச் சில நிமிடங்களாகக் குறைக்க வல்லது. இதன் உயிர்நாடி, வெள்ளைச் சாயத்தில் பயன்படும் டைட்டானியம் டை ஆக்சைடு. இதனாலான மின்வாயின்மீது ஒளி பட்டால் நீர் பிரிகை அடைவதை ஜப்பானியரான புஜிஷிமாவும் ஹோண்டாவும் 1972இல் வெளியிட்டனர். புற ஊதா ஒளி பட்டவுடன் இப்பொருளில் எலெக்ட்ரான்கள் விடுபட்டு, அவை இருந்த இடங்களில் 'துளைகள்' தோன்றுகின்றன. துளைகள் நீரிலுள்ள கரிமப் பொருளை ஆக்சிஜனேற்றம் செய்கின்றன. எலெக்ட்ரான்கள் கம்பி வழியே மின்னோட்டமாகச் செல்கின்றன. ஆகவே மின்னோட்டத்தை அளப்பது எரிந்த மாசினை அளப்பதே ஆகும். ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு நான்கு எலெக்ட்ரான்களுக்கு ஈடு என்பதால், பாரடே விதிப்படி 1 மில்லிகிராம் ஆக்சிஜன் தேவைக்குச் சுமார் 12 கூலும் மின்னூட்டம் கணக்காகிறது. ஆஸ்திரேலியாவின் கிரிபித் பல்கலைக்கழக அறிஞர்கள் 2004இல் இவ்வழியில் வேதி ஆக்சிஜன் தேவையை நேரடியாகக் கணிக்கும் முறையை வெளியிட்டனர். பாதரசமோ குரோமியமோ இதற்கு வேண்டுவதில்லை.

குறைகளும் இல்லாமல் இல்லை. சாயப்பட்டறைக் கழிவின் அடர்நிறம் ஒளியை மறைக்கும். மிதக்கும் துகள்களை வடிகட்டியாக வேண்டும். செறிவு மிகுந்த நீரை நீர்த்தாக வேண்டும். குளோரைடு மிகுந்த தோல் பதனிடும் கழிவில் அளவீடு பிழைபடக் கூடும். மேலும், இக்கருவி மொத்தச் சுமையைக் கூறுமேயன்றி, அது பீனாலா சர்க்கரையா எனப் பிரித்துரைக்காது. வடிகட்டிய நீரில் பெற்ற அளவும் வடிகட்டாத நீரில் டைகுரோமேட் முறையால் பெற்ற அளவும் ஒன்றாகா. எனவே ஒவ்வொரு தொழிலின் கழிவுக்கும் இவ்விரண்டையும் முதலில் ஒப்பிட்டறிந்த பின்னரே கருவியின் எண்ணைத் தரத்தோடு பொருத்திப் பார்க்க இயலும்.