கொடியடுப்பும் எரிபொருள் மின்கலமும்

விழிஞ்ஞம் என்றால் இன்று எல்லோருக்கும் நினைவுக்கு வருவது, 2025 மே 2 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட பெரிய துறைமுகம்தான். ஆனால் என்னைப் போன்ற வெப்பப் பொறியாளர்களுக்கு அந்த ஊர் 1991-லேயே அறிமுகம். மீன்பிடித் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவரை ஒட்டி, கடல் அலையிலிருந்து மின்சாரம் எடுக்கும் 150 கிலோவாட் நிலையத்தைச் சென்னை ஐ.ஐ.டி. அறிஞர்கள் அங்கே அமைத்தார்கள். மழைக்காலத்தில் அலை பொங்கும். மற்ற மாதங்களில் அடங்கும். மின்சாரமும் அதுபோலவே ஏறி இறங்கியது. பிற்பாடு அந்த மின்சாரத்தைக் கொண்டு கடல்நீரைக் குடிநீராக்கியும் பார்த்தார்கள்.

அந்த நிலையம் இன்று இயங்கவில்லை. ஆயினும் ஒரு பாடத்தை விட்டுச் சென்றிருக்கிறது. ஆற்றலை எடுப்பது பாதி வேலை. எடுத்ததை யார், எந்த நேரத்தில், எதற்குப் பயன்படுத்துவார் என்று பார்ப்பது மறுபாதி. இந்தப் பாடம் நன்றாகப் பொருந்துகிற இன்னொரு கருவியைப் பற்றித்தான் இங்கே சொல்ல வந்தேன். அதன் பெயர் திட ஆக்சைடு எரிபொருள் மின்கலம்.

எரியாமல் எரியும் கலம்

பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். மெல்லிய பீங்கான் தகடு ஒன்று. ஒரு பக்கம் காற்று, மறுபக்கம் எரிவாயு. சூடு 600 முதல் 1000 டிகிரி வரை ஏறும்போது, காற்றிலுள்ள ஆக்சிஜன் அயனியாக மாறிப் பீங்கானின் ஊடே நுழைந்து மறுபக்கம் போய் எரிவாயுவோடு சேர்கிறது. அதனால் எரிவாயுப் பக்கம் வெளிப்படும் எலக்ட்ரான்கள் கம்பி வழியாகச் சுற்றி வருகின்றன. அதுவே மின்சாரம். தீச்சுடர் இல்லை, பிஸ்டன் இல்லை. ஒரு தகடு ஏறத்தாழ ஒரு வோல்ட்டுக்கும் குறைவாகவே தரும். ஆகவே நூற்றுக்கணக்கில் அடுக்கிக் கட்டுகிறார்கள்.

அந்தப் பீங்கான் எது தெரியுமா? இட்ரியம் கலந்த சிர்கோனியா. சிர்கோனியாவுக்கு மூலப்பொருள் சிர்கான் மணல். விழிஞ்ஞத்துக்குத் தெற்கே நம் குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியிலும், வடக்கே கொல்லம் மாவட்டத்துச் சவறையிலும் கடற்கரையில் கிடக்கிற மணல்தான். (அதை அள்ளுவதில் கரையோர மக்களுக்கு உள்ள அச்சமும் எதிர்ப்பும் தனிக் கட்டுரைக்குரியவை.)

இத்துறையில் நம்மவர் ஒருவரும் இருக்கிறார். திருச்சி மண்டலப் பொறியியல் கல்லூரியில் படித்த கே.ஆர். ஸ்ரீதர், செவ்வாய்க் கோளில் ஆக்சிஜன் தயாரிக்க நாசாவுக்காக ஆராய்ந்தவர். அதே வேதிவினையைத் தலைகீழாகத் திருப்பினால் மின்சாரம் கிடைக்குமே என்று 2001-இல் அவர் தொடங்கிய நிறுவனமே இன்றைய புளூம் எனர்ஜி.

மிச்சச் சூடு எங்கே போகிறது?

எரிவாயுவின் ஆற்றல் நூறு பங்கு என்றால், நல்ல கலம் ஐம்பது அல்லது அதற்குச் சற்று மேலான பங்கை மின்சாரமாக்கும். மீதி? சூடாக வெளியே போகிறது. சும்மா விட்டால் வீண்தான்.

நம் பாட்டிமார் இதற்கு எப்போதோ வழி கண்டார்கள். கொடியடுப்பை நினைத்துப் பாருங்கள். முன்னடுப்பில் சோறு கொதிக்கும். அதைத் தாண்டிப் போகிற அனலில் பக்கத்துக் கண்ணில் குழம்போ வெந்நீரோ கொதிக்கும். விறகு ஒன்று, காரியம் இரண்டு. பொறியாளர்கள் செய்வதும் இதுவே. மூன்று படிகளாகச் சொல்லலாம்.

முதற்படி, கலத்துக்குள்ளேயே. உள்ளே வரும் குளிர்ந்த காற்றை வெளியேறும் சூட்டால் காய்ச்சுவது. மீத்தேனை நீராவியோடு சேர்த்து ஹைட்ரஜனாகப் பிரிக்கவும் அதே சூட்டைக் கொடுப்பது.

இரண்டாம் படி, கலத்தை அழுத்தத்தில் இயக்கி, வெளிவரும் சூடான வாயுவால் சிறு டர்பைனைச் சுழற்றுவது. 2000-ஆம் ஆண்டில் சீமென்ஸ் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம் கலிபோர்னியாவின் இர்வைனில் இப்படி 220 கிலோவாட் நிலையத்தை ஓட்டிக் காட்டியது. திறன் 53 சதவீதம் வரை எட்டியது. ஜப்பானில் மிட்சுபிஷி 250 கிலோவாட் நிலையத்தை 2015-இல் கியூஷூ பல்கலைக்கழகத்தில் இயக்கியது.

மூன்றாம் படி, அதற்குப் பிறகும் மிஞ்சும் இருநூறு முந்நூறு டிகிரி சூட்டால் வெந்நீரோ குளிர்ச்சியோ பெறுவது. சூட்டிலிருந்து குளிர்ச்சியா என்று கேட்பீர்கள். அம்மோனியா கரைந்த நீரைச் சுடவைத்தால் அம்மோனியா பிரியும். அதைக் குளிர்வித்துத் திரவமாக்கி, அழுத்தம் குறைந்த இடத்தில் ஆவியாக விட்டால் சுற்றியுள்ள சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். மீண்டும் அது நீரில் கரையும், சுழற்சி தொடரும்.

விழிஞ்ஞத்துக்கு ஒரு கணக்கு

மீன்பிடித் துறைமுகம் ஐஸ் இல்லாமல் நடக்காது. பிடித்த மீன் வெயிலில் கெட்டால் நஷ்டம் மீனவருக்கு. ஆகவே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 100 கிலோவாட் மின்சாரம் தரும் கலம். வெளியேறும் சூட்டில் பயன்படுத்தத் தக்கது 50 கிலோவாட் என்று வைத்துக்கொள்வோம். அம்மோனியா எந்திரம் அதில் பாதியளவு, 25 கிலோவாட் குளிர்ச்சி தரும். முப்பது டிகிரி நீர் ஒரு கிலோவை ஐஸாக்க ஏறத்தாழ 460 கிலோஜூல் குளிர்ச்சி வேண்டும். அப்படியானால் 24 மணி நேரத்தில் நாலரை டன்னுக்குச் சற்று மேல். நடைமுறை நஷ்டம் போக நாலு டன் என்று வைத்தாலும், அது வீணாய்ப் போகிற சூட்டில் விளைந்த ஐஸ்தானே!

அதற்காக இது சர்வரோக நிவாரணி இல்லை. கலத்தின் விலை அதிகம். அடிக்கடி நிறுத்தி ஓட்டினால் பீங்கான் விரிசல் விடும். சூடேறவே பல மணி நேரமாகும். இயற்கை எரிவாயுவில் ஓட்டினால் கரியமில வாயுவும் வரத்தான் செய்யும். மாட்டுச்சாணம், மீன்கழிவு முதலியவற்றின் சாண எரிவாயு என்றால் கந்தகத்தை முதலில் அகற்றியாக வேண்டும். ஆகவே இரவுபகல் நிற்காமல் ஆற்றல் கேட்கிற இடத்துக்கே இது ஏற்றது. ஐஸ் பிளாண்ட், ஆஸ்பத்திரி, துறைமுகம் எல்லாம் அந்த வகை.

மின்சாரத்தைக் கம்பியில் நூறு மைல் அனுப்பலாம். சூட்டை அப்படி அனுப்ப முடியாது. அதற்குப் பக்கத்து வீட்டிலேயே ஆள் வேண்டும். பொறியியல் படிக்கும் நம் பிள்ளைகள் நாளை இத்தகைய நிலையம் ஒன்றை வடிவமைக்க உட்கார்ந்தால், "எத்தனை கிலோவாட்?" என்பதற்கு முன்னால், "இந்தச் சூட்டை வாங்கிக்கொள்ளப் போகிறவர் யார்?" என்று கேட்கட்டும்.